பழைய வீடு வாங்கப் போகிறோம்: வங்கி மதிப்பீடு இருக்கும்போது தனியாகக் கட்டட ஆய்வு தேவையா?

புதுமனை

வணக்கம். 24 வருடப் பழைய தனி வீடு ஒன்றுக்கு விலை பேசி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறோம். தரைத்தளம் முதலில் கட்டியது, மாடி பத்து வருடம் கழித்து ஏற்றியது. பத்திரங்களை வக்கீல் பார்த்துவிட்டார். கடன் தரும் வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து போய்விட்டார். "வங்கியே சரி என்று சொன்ன பிறகு இன்ஜினியரை வேறு கூப்பிட வேண்டுமா?" என்று தரகர் கேட்கிறார்.

எங்கள் கண்ணுக்கே மூன்று விஷயம் உறுத்துகிறது. பின்னறை ஜன்னலின் மேல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் ஓடுகிறது. கூடத்துச் சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்து பெயிண்ட் உரிகிறது. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே சீலிங்கில் பழுப்புக் கறை. மற்றபடி வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட், பளிச்சென்று இருக்கிறது.

வங்கி மதிப்பீடு போதாதா? ஆய்வு என்றால் உண்மையில் என்ன பார்ப்பார்கள்? தெரிந்த கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டினால் ஆகாதா? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் செய்வதா, பிறகு செய்வதா?

---

தூணும் தளமும்

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன். கொடுத்தாகிவிட்டது என்றால், திருப்பிப் பெறுவதற்கான நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பணம் கைமாறிய பிறகு வரும் அறிக்கையை வைத்து விலை பேச முடியாது, ரிப்பேருக்குத் திட்டம் போடத்தான் உதவும்.

வங்கி மதிப்பீட்டாளர் வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர் பதில் தேடும் கேள்வி வேறு. கடன் திரும்பி வராவிட்டால் இந்தச் சொத்தை விற்று வங்கி தன் பணத்தை எடுக்க முடியுமா என்பதுதான் அது. இடத்தின் அளவு, அக்கம்பக்கத்து விலை, கட்டடத்தின் வயது, வரைபட அனுமதி ஆகியவற்றைப் பார்ப்பார். மேன்ஹோல் மூடியைத் தூக்க மாட்டார், மொட்டை மாடியில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க மாட்டார். கடன் தொகை வீட்டின் மதிப்பைவிடக் குறைவு என்பதால், சில பழுதுகள் இருந்தாலும் வங்கிக்கு நஷ்டமில்லை. அந்தப் பழுதெல்லாம் வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

கொத்தனார் விஷயம். விரிசல் எங்கே இருக்கிறது, அதை எப்படி அடைப்பது என்று நல்ல கொத்தனாருக்குத் தெரியும். ஏன் வந்தது, இன்னும் விரிகிறதா, அடைத்தால் நிற்குமா என்பதுதான் உங்களுக்கு வேண்டிய பதில். ஒரே அகலத்தில் இருக்கும் இரண்டு விரிசலில் ஒன்றுக்குப் பட்டி போதும், இன்னொன்றுக்கு அடித்தளத்தையே பலப்படுத்த வேண்டிவரும்.

உங்கள் ஜன்னல் விரிசலையே எடுத்துக்கொள்வோம். ஆய்வாளர் முதலில் அகலத்தை விரிசல் அளவுகோல் வைத்துப் பார்ப்பார். 1 மி.மீ.க்குள் இருந்தால் பெரும்பாலும் பூச்சு, பெயிண்ட் சமாசாரம். 5 மி.மீ. வரை அடைத்துப் பூசிச் சமாளிக்கலாம், ஆனால் காரணம் தெரிந்தாக வேண்டும். 5-லிருந்து 15 மி.மீ. என்றால் செங்கல்லைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும், கதவு ஜன்னல் இறுகத் தொடங்கும். 15-ஐத் தாண்டினால் சுவரின் சில பகுதிகளையே இடித்துக் கட்டும் நிலை. 25-ஐத் தாண்டினால் கட்டடமே நிலையிழக்கும் ஆபத்து.

ஆனால் அகலம் மட்டும் முடிவு சொல்லாது. அதே இடத்தில் வெளிப்புறச் சுவரிலும் விரிசல் தெரிகிறதா? தெரிந்தால் சுவரின் முழுத் தடிமனிலும் போயிருக்கிறது, வெறும் பூச்சு விரிசல் இல்லை. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தால் வீட்டின் ஓரம் இறங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். கீழே அகலம் என்றால் நடுப்பகுதி இறங்குகிறது. உள்ளே தூசி, சிலந்திக் கூடு, பழைய பெயிண்ட் இருந்து விளிம்பு மழுங்கியிருந்தால் பழைய விரிசல். விளிம்பு கூர்மையாக, உள்ளே புது நிறத்தில் இருந்தால் அண்மையில் திறந்தது. பட்டி வைத்துப் புதுப் பெயிண்ட் அடித்த பிறகும் அதே கோட்டில் மயிரிழை போலத் தெரிந்தால் அது இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் புதுப் பெயிண்டுக்கு மேலேயே விரிசல் தெரிவதால் இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது.

பிறகு காரணம் தேட வேண்டும். அந்த மூலைக்கு அருகில் கழிவுநீர்க் குழாய் ஒழுகி மண்ணை அரிக்கிறதா, பெரிய மரம் இருக்கிறதா, கொட்டி நிரப்பிய மண்ணா, பின்னறை பிற்பாடு சேர்த்துக் கட்டியதா? கரிசல் போன்ற களிமண் என்றால் வெயிலில் மண் சுருங்கும்போது விரிசல் திறக்கும், மழையில் மூடும். மழைக்காலத்தில் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு "சின்ன விரிசல்தான்" என்று சொல்லிவிட முடியாது.

பயப்படத் தேவையில்லாத விரிசல்களும் உண்டு. காங்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர் செங்குத்தாகப் போவது, இரண்டு பொருளும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால் வருவது. அதை வெட்டித் திறந்து, கம்பிவலை வைத்துப் பூசினால் போதும். மேல்மாடித் தளத்துக்கு ஒட்டிக் கீழே படுக்கையாக ஓடும் விரிசல் பெரும்பாலும் வெயிலில் தளம் விரிவதால் வருவது.

உத்தரத்தின் அடியிலோ தூணின் மூலையிலோ கம்பி போகும் திசையிலேயே நீளமாக ஓடும் விரிசல் அப்படிப்பட்டதல்ல. உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு இடம் பிடிக்கும், அந்த அழுத்தம்தான் காங்கிரீட்டைப் பிளக்கிறது. இதன் மேல் சிமெண்ட் பூசினால் சில வருடத்தில் அதே இடத்தில் பெயர்ந்து விழும். உத்தரம் தூணில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் சாய்வாக விரிசல் இருந்தால் வேறு எதையும் பார்க்கும் முன் அதைத்தான் பார்க்கச் சொல்வேன். அது வெட்டு விசையால் வரும் விரிசல். அந்த வகை முறிவு முன்னெச்சரிக்கை கொடுக்காமலும் வரலாம்.

எல்லாவற்றையும்விட உங்கள் வீட்டில் பெரிய கேள்வி பிற்பாடு ஏற்றிய மாடி. 230 மி.மீ. தடிமனுள்ள செங்கல் சுவர் 3 மீட்டர் உயரத்துக்கு, ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 1.4 டன். 125 மி.மீ. காங்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு 300 கிலோவைத் தாண்டும். அதற்கு மேல் 1000 லிட்டர் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டுமே 1 டன். இத்தனை பாரத்துக்கும் கீழே தூணும் அடித்தளமும் முதலிலேயே கணக்கிட்டுப் போட்டதா? பழைய கட்டமைப்பு வரைபடம் இருந்தால் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் ஒரு தூணின் அடியில் குழி தோண்டிப் பார்ப்பதைத் தவிர உறுதியான வழி கிடையாது. மாடிச் சுவர் கீழ்ச் சுவருக்கு நேர் மேலே வருகிறதா, அல்லது தளத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கிறதா என்பதை நீங்களே ஒரு டேப் வைத்து அளந்துவிடலாம். நடுவில் இருந்து, அடியில் உத்தரமும் இல்லை என்றால் தளம் தொய்ந்திருக்கிறதா என்று நூல் கட்டிப் பார்க்க வேண்டும். 4 மீட்டர் நீளத்துக்கு 16 மி.மீ.க்கு மேல் தொய்வு இருந்தால் கேள்வி கேட்டே ஆக வேண்டும்.

---

ஈரச்சுவர்

விரிசலைப் பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் தண்ணீர் பற்றி மட்டும் எழுதுகிறேன். பழைய வீட்டில் தொடர்ந்து காசு கேட்பது பெரும்பாலும் தண்ணீர்தான்.

கூடத்து அடிச்சுவரில் வெள்ளைப் பூப்பு என்றால் ஈரம் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவந்து, தான் ஆவியாகிப் போகிறது. அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அதன் வடிவம் காட்டிக்கொடுக்கும். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரே உயரத்தில், நீளமாக, 1 மீட்டருக்குள் நின்றால் மண்ணிலிருந்து ஏறும் ஓதம். ஓர் இடத்தில் மட்டும் திட்டாக இருந்தால் அதன் பின்னால் குழாய் போகிறதா என்று பாருங்கள். மழை பெய்யும்போது மட்டும் பரவினால் வெளிச்சுவர்ப் பூச்சு அல்லது சன்ஷேடு. மூலையில் கறுப்புப் பூஞ்சை மட்டும், உப்பு இல்லை என்றால் காற்றோட்டம் இல்லாமல் உள்காற்றின் ஈரம் சுவரில் படிவது.

மண்ணிலிருந்து ஏறும் ஓதமாக இருந்தால் வெளியே போய்த் தரை மட்டத்தைப் பாருங்கள். பிளின்த்தில் (தரைக்கு மேல் எழும் அடிச்சுவர்ப் பகுதி) போட்ட ஓதத்தடுப்பு அடுக்குக்கு குறைந்தது 150 மி.மீ. கீழே வெளித்தரை இருக்க வேண்டும். தெருவை உயர்த்தி உயர்த்தி, பக்கவாட்டில் மண்ணைக் கொட்டி, மேலே டைல்ஸும் பதித்து அந்த அடுக்கையே மூடியிருப்பார்கள். அப்படியானால் உள்ளே எந்த வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தாலும் ஈரம் அதற்குப் பின்னால் இன்னும் மேலே ஏறும். வெளித்தரையைக் குறைப்பதுதான் முதல் வைத்தியம். ஈரமானியை அழுத்தி "இத்தனை சதவீதம்" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கருவியின் அளவீடு மரத்துக்கானது. உப்பு படிந்த சுவர் காய்ந்திருந்தாலும் அதிகமாகக் காட்டும். இடத்துக்கு இடம் ஒப்பிடத்தான் அது பயன்படும்.

சீலிங் கறைக்கு ஒரு சோதனை. மாடிக் குளியலறையின் தரைச் சாக்கடை வாயை அடைத்து, 25 மி.மீ. தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் விடுங்கள். அதற்கு முன் கீழே கறையின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டினால் தரையின் நீர்த்தடுப்பு போய்விட்டது, டைல்ஸைப் பெயர்த்துத்தான் சரிசெய்ய முடியும். தாண்டாவிட்டால் குழாய்தான். யாரும் புழங்காதபோதும் ஈரம் இருந்துகொண்டே இருந்தால் தண்ணீர் வரும் குழாய், குளித்த பிறகு மட்டும் என்றால் கழிவுக்குழாய் இணைப்பு. வரும் குழாயைச் சோதிக்க, எல்லாக் குழாயையும் மூடி, மேல் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுவதை நிறுத்தி, இரவு மட்டத்தைக் குறித்துக் காலையில் பாருங்கள்.

சீலிங் கறை இருக்கும் இடத்தில் காங்கிரீட்டைச் சிறு சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள். மந்தமான, பொள்ளலான சத்தம் வந்தால் கம்பி ஏற்கெனவே துருப்பிடித்து அடிப்பகுதி பிரிந்திருக்கிறது. அப்போது அது வெறும் ஒழுக்கு விவகாரம் அல்ல.

மொட்டை மாடியில் தண்ணீர் வெளியேறும் வாயை நோக்கி மீட்டருக்கு 10 மி.மீ. சரிவாவது வேண்டும். மழை விட்டு மறுநாளும் தேங்கியிருந்தால் சரிவு கெட்டிருக்கிறது. பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. ஒழுக ஒழுகப் பழைய அடுக்கைப் பெயர்க்காமல் அதன் மேலேயே அடுக்கு போட்டுக்கொண்டே போயிருப்பார்கள். செங்கல் ஜல்லி அடுக்கு 100 மி.மீ. ஏறினால் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ கூடுகிறது. வீட்டுத் தளத்துக்கு ஆள், சாமான் எல்லாம் சேர்த்து வடிவமைப்பில் எடுக்கும் பாரமே வழக்கமாக அவ்வளவுதான். கைப்பிடிச் சுவரின் உயரம் வழக்கத்தைவிடக் குறைவாகத் தெரிந்தால் தரை ஏறியிருக்கிறது என்று பொருள்.

முடிந்தால் மழை பெய்த மறுநாள் ஆய்வாளரை அழையுங்கள்.

---

புதுமனை

மிகவும் நன்றி. மாடிச் சுவரை அளந்து பார்க்கிறேன். விற்பவரிடம் பேசினேன். பார்க்கலாம், ஆனால் சுவரில், தூணில் ஓட்டை போடக் கூடாது என்கிறார். "ஹாமர் டெஸ்ட் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், அதுவே போதும்" என்றும் சொல்கிறார். போதுமா?

---

சோதனைக்கூடம்

ஹாமர் டெஸ்ட் மட்டும் போதாது. பழைய வீட்டில் அதை மட்டும் நம்பினால் தவறான நிம்மதிதான் கிடைக்கும். ரீபவுண்ட் ஹாமர், அதாவது காங்கிரீட்டில் மோதித் துள்ளும் கருவி, அளப்பது மேற்பரப்பின் கடினத்தை. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பல வருடமாக காங்கிரீட்டுக்குள் போய்ப் படிந்ததும் மேற்பரப்பு இறுகும். எண் உயர்ந்து வரும், வலிமை நன்றாக இருப்பதாகத் தோன்றும். அதே கார்பன் டை ஆக்சைடுதான் உள்ளே கம்பியின் பாதுகாப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. நல்ல காங்கிரீட்டின் பி.எச். (காரத்தன்மையைக் காட்டும் எண்) 12-க்கு மேல், அதனால்தான் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கிறது. அது 9-க்குக் கீழே இறங்கினால் ஈரம் பட்டதும் துரு தொடங்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஓட்டை தேவையில்லை. விற்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: பார்வைக்குத் தெரியாத ஓர் இடத்தில், படிக்கட்டுக்கு அடியிலோ பூச்சு ஏற்கெனவே பெயர்ந்த இடத்திலோ, சிறு சில்லு உடைத்து, தூசியைத் தட்டிவிட்டு, ஃபீனால்ஃப்தலீன் கரைசல் தெளிப்பார்கள். இளஞ்சிவப்பாக மாறும் பகுதி இன்னும் நலமாக இருக்கிறது. நிறம் மாறாத ஆழம் பாதுகாப்பு இழந்தது. பிறகு கவர் மீட்டர் என்ற கருவியால், உடைக்காமலே, கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பார்கள்.

இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால் காலக்கணக்கே கிடைக்கும். நிறம் மாறாத பகுதியின் ஆழம் ஏறக்குறைய வருடங்களின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடும். 24 வருடத்தில் 12 மி.மீ. போயிருந்து கம்பி 25 மி.மீ. ஆழத்தில் இருந்தால் இன்னும் பல பத்தாண்டு கவலையில்லை. அதே 24 வருடத்தில் 20 மி.மீ. போயிருந்தால் கம்பியைத் தொடச் சுமார் 13 வருடம்தான் மிச்சம். வீட்டுக்கடன் முடிவதற்குள் தூண் ரிப்பேர் வரும் என்று பொருள். கம்பி 15 மி.மீ.யிலேயே இருந்தால் ஏற்கெனவே தாண்டியாயிற்று.

அல்ட்ராசோனிக் சோதனையும் உடைக்காமல் செய்வதுதான். ஒலி அலை விநாடிக்கு 3.5 கி.மீ.க்கு மேல் போனால் காங்கிரீட் நன்றாக இருக்கிறது, 3-க்குக் கீழே போனால் உள்ளே பொத்தல், விரிசல் என்று சந்தேகம். முழுத் தூணிலும் பூச்சு இருந்தால் அந்தச் சிறு இடத்தில் மட்டும் பூச்சை எடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் எல்லாச் சோதனையையும் முதல் நாளே போட வேண்டாம். முதலில் கண்ணால் பார்க்கும் ஆய்வு, அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். அதில் சந்தேகம் வந்த இடத்துக்கு மட்டும் கருவி. தூணில் உருளை வெட்டி எடுக்கும் கோர் சோதனையைச் சிறிய வீட்டுத் தூணில் நானே பரிந்துரைக்க மாட்டேன். தூணின் குறுக்களவே 230 மி.மீ. என்றால் அதில் 75 மி.மீ. துளை போடுவது சின்ன விஷயம் அல்ல.

விற்பவர் சில்லு உடைக்கவும் விடவில்லை, குளியலறையில் தண்ணீர் கட்டவும் விடவில்லை என்றால், ஆய்வாளர் அதை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். சோதிக்க முடியாத இடத்தைப் பழுதுள்ளதாக வைத்துத்தான் விலை பேச வேண்டும்.

---

மின்சுற்று

யாரும் வயரிங் பற்றிச் சொல்லவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

மெயின் பெட்டியைத் திறந்து பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்கிறதா? பலரும் 100 அல்லது 300 போட்டிருப்பார்கள். அது தீ விபத்துக்குத்தான், ஆள் உயிருக்கு 30 வேண்டும். டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுந்தால் அந்தக் கருவி வேலை செய்கிறது என்று மட்டும்தான் பொருள், எர்த் சரியாக இருக்கிறது என்று அல்ல. எர்த்தைத் தனியாக அளக்க வேண்டும். வயரின் காப்பை 500 வோல்ட் மெக்கரில் (காப்பின் மின்தடையை அளக்கும் கருவி) பார்த்தால் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. பழைய வீட்டில் ஈரச் சுவர் வழியாகப் போகும் சுற்றில்தான் இது முதலில் விழும். உங்கள் கூடத்து அடிச்சுவரில் பிளக் பாயிண்ட் இருந்தால் அதைக் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். ஏசி, ஹீட்டர் ஒவ்வொன்றுக்கும் தனிச் சுற்று, 4 சதுர மி.மீ. செம்பு வயர் இருக்கிறதா என்று பாருங்கள். மாடி பிற்பாடு ஏற்றியதால், கீழ்த்தளத்து வயரிலிருந்தே மாடிக்கு இழுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

கரையானையும் அப்படியே பார்த்துவிடுங்கள். கதவு நிலையின் அடி, சுவர் அலமாரியின் பின்பக்கம், மாடிப்படிக்கு அடியில். பென்சில் கனத்துக்கு மண் குழாய் ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நிலையில் திருப்புளியை அழுத்தினால் உள்ளே இறங்கக் கூடாது.

---

தூணும் தளமும்

சோதனைக்கூடம் சொன்ன வரிசைதான் சரி. ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றியும் ஒப்பந்தம் பற்றியும் இன்னும் கொஞ்சம்.

ஆய்வாளர் கட்டமைப்புப் பொறியாளராக இருக்கட்டும். தரகரோ விற்பவரோ சொல்லும் ஆள் வேண்டாம். ரிப்பேர் கான்ட்ராக்டும் தானே எடுக்கிறவர் வேண்டாம், பழுதைக் கூட்டிச் சொல்லத் தோன்றும். அறிக்கை உங்கள் பெயருக்கு, எழுத்தில், படங்களுடன் வர வேண்டும். ஒவ்வொரு பழுதுக்கும் காரணம், உடனே செய்ய வேண்டியதா, இரண்டு மூன்று வருடம் தாங்குமா, தோராயச் செலவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். "சில இடங்களில் விரிசல் காணப்பட்டது, தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதித் தரும் அறிக்கையால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. எதையெல்லாம் பார்க்க முடியவில்லை என்ற பகுதியை முதலில் படியுங்கள்: ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பீரோவுக்குப் பின்னால், அடித்தளம். ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு பலகையையாவது கழற்றிக் காட்டச் சொன்னால் பெரும்பாலான விற்பவர்கள் மறுக்க மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் வக்கீலிடம் சொல்லி ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: குறிப்பிட்ட நாளுக்குள் கட்டட ஆய்வு நடக்கும், கட்டமைப்பில் பெரிய பழுது என்று பொறியாளர் எழுதினால் அட்வான்ஸ் முழுதும் திரும்பும் அல்லது விலை மீண்டும் பேசப்படும். "பெரிய பழுது" எது என்பதையும் அங்கேயே எழுதுங்கள். ரிப்பேர் செலவு விலையில் இத்தனை சதவீதத்தைத் தாண்டினால் என்று வைத்தால் பிற்பாடு வாக்குவாதம் வராது.

விலை பேசும்போது டைல்ஸ் உடைசல், கதவு இறுக்கம் எல்லாவற்றையும் போட்டு நீளமான பட்டியல் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: பின்மூலை இறங்குவது, குளியலறைத் தளம், மாடிக்கு அடித்தளம் தாங்குமா என்பது. கூடத்து ஓதத்தை வெளித்தரையைக் குறைத்து நீங்களே சமாளித்துக்கொள்ளலாம். மூன்றாவதற்கு வரைபடமும் இல்லை, குழி தோண்டவும் விடவில்லை என்றால், விலையை எவ்வளவு குறைத்தாலும் அந்த வீட்டை வாங்கச் சொல்ல மாட்டேன். மாடிச் சுவர் அளவு கிடைத்ததும், கீழ்ச் சுவர் எங்கே வருகிறது என்று ஒரு கோட்டுப்படம் போட்டு இங்கே பகிருங்கள், பார்த்துச் சொல்கிறோம்.